டம்மி வசனம்

"மேடம், அந்த பால்கனி சீன் பின்னிட்டீங்க," என்றார் எடிட்டர்.

அக்கா கைப்பையைக்கூட இன்னும் கீழே வைத்திருக்கவில்லை. யூனிட்டில் எல்லோருக்கும் அவள் மேடம். கதை, வசனம், தயாரிப்பு என்று மூன்று இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஆனால் இந்தக் கதையில் அவளுக்கு வேலை தங்கையோடு. ஆகவே நமக்கும் அவள் அக்கா என்றே இருக்கட்டும்.

"எந்த பால்கனி சீன்?" என்று கேட்டாள்.

எடிட்டர் வாயைத் திறந்து பேசுவதைவிட ஓட்டிக் காட்டுவதையே விரும்பும் மனிதர். விசையைத் தட்டினார். திரையில் ஒரு கணவன், மனைவியை பால்கனியில் நிற்கவிட்டு, கண்ணாடிக் கதவை இழுத்துத் தாழ் போட்டான். சமையலறைக்குப் போனான். அவசரமே இல்லாமல் டீ போட்டான். இரண்டு கப். திரும்பி வந்து நாற்காலியைக் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கப்பை அவள் கண்ணில் படும்படி கதவின் உள்பக்கம் தரையில் வைத்தான். மற்றதை அவளைப் பார்த்துக்கொண்டே குடித்தான். குடித்த கப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, கதவைத் திறந்தான். "ஆறிப்போச்சு. சூடு பண்ணிக்கோ," என்றான். அடி இல்லை, உதை இல்லை, ஒரு வார்த்தை சத்தமாக இல்லை.

அக்கா உட்கார இடம் தேடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை யார் எடுத்தது? இது எப்ப டெலிகாஸ்ட்?"

"இன்னிக்குத்தான் மேடம், ஏழரைக்கு. சேனலுக்கு நேத்தே போயிடுச்சு." எடிட்டர் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன் மேடம், ஏதாவது தப்பாயிடுச்சா?"

"ப்ரோமோல இது வருதா?"

"இல்ல, ப்ரோமோக்கு கல்யாண மண்டபத்துச் சண்டையைத்தான் போட்டிருக்காங்க."

அந்த ஒரு மூச்சு மட்டும்தான் அன்றைக்கு அவளுக்கு நிம்மதியாக வந்தது.

அக்கா இந்தத் தொழிலுக்கு வந்ததே பின்வாசல் வழியாக. முதல் வேலை, நடிகைகள் போன காட்சியில் எந்தக் காதில் எந்தக் கம்மல் போட்டிருந்தார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்வது. ஒருநாள் வசனகர்த்தா கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். செட்டில் விளக்கு எரிகிறது, நடிகைகள் மேக்கப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள், பேச வசனம் இல்லை. கம்மல் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு மூலையில் உட்கார்ந்து, முந்தின நாள் வீட்டில் அம்மாவும் அத்தையும் தண்ணீர்க் குழாய்க்காகப் போட்ட சண்டையை அப்படியே எழுதிக் கொடுத்தாள். அந்த வாரம் அந்தச் சண்டையைத்தான் ஊரே பேசியது. அன்றைக்கு ஆரம்பித்தது அவள் அதிர்ஷ்டம். அம்மாவும் அத்தையும் அன்றைக்கே வாயை மூடியவர்கள்தான். சொந்தக்காரர்கள் வீட்டில் அவள் நுழைந்தாலே, "டிவி வந்துடுச்சு, பார்த்துப் பேசுங்க" என்று சிரித்துக்கொண்டே எச்சரிப்பார்கள். சிரிப்பு பாதி, எச்சரிக்கை பாதி.

அடி வாங்கி அடி வாங்கி அவள் ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். பேனா நிஜத்தைத் தொட்டால்தான் நகர்கிறது, சரி, நகரட்டும். காட்சி வராமல் முரண்டு பிடித்தால், தெரிந்த நிஜம் ஒன்றை உள்ளது உள்ளபடி எழுதி வைப்பாள். அதற்கு யூனிட்டில் டம்மி வசனம் என்று பெயர். பாட்டுக்காரர்கள் மெட்டுக்கு வாய்க்கு வந்த வார்த்தையைப் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி. பிறகு படப்பிடிப்பு அன்று காலையில் வந்து, ஆளை மாற்றி, இடத்தை மாற்றி, பொருளை மாற்றி, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாதபடி ஆக்கிவிடுவாள். மேடம் வந்து கை வைக்கிறவரை டம்மி சீனை யாரும் தொடக்கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். வழக்கமான டைரக்டருக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு வாரத்துக்கு மாற்று ஆளாக வந்தவருக்குத் தவிர.

அந்த வாரம் அக்கா புதுத் தொடருக்குக் கதை சொல்ல சேனல் சேனலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். செட்டுக்கு எடுத்திருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டிய கடைசி நாள். மாற்று டைரக்டர் கையில் இருந்த காகிதத்தைப் படித்தார், கண்கலங்கினார், ஒரு எழுத்து மாற்றாமல் எடுத்துத் தள்ளிவிட்டார். எடுத்த எபிசோடை அக்கா பார்க்கவில்லை. தன் தொடரைத் தானே பார்க்க நேரமில்லாத அளவுக்கு அவள் வளர்ந்துவிட்டிருந்தாள்.

அந்த பால்கனி தங்கை வீட்டு பால்கனி. இரண்டு கப்பும் தங்கை வீட்டுக் கப். "ஆறிப்போச்சு, சூடு பண்ணிக்கோ" என்பது தங்கை புருஷனின் வாயிலிருந்து வந்தது. அது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அக்காவையும் சேர்த்தால் மூன்று. தங்கை அதைச் சொன்னபோது அக்காவின் கையைத் தன் தலைமேல் எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். "கிளம்பி வந்துடு, என்கூட இரு" என்று அக்கா கெஞ்சியதற்கு அவள் பிடிகொடுக்கவில்லை.

"அவர் கெட்டவர் இல்லக்கா. உள்ளுக்குள்ள அவருக்குத் தெரியும், தான் பண்றது தப்புன்னு. இல்லேன்னா எனக்கும் சேர்த்து ஏன் ஒரு கப் போடணும்?"

அக்கா அன்றிரவு வீட்டுக்கு வந்து, தூக்கம் வராமல், வராத ஒரு காட்சிக்கு நடுவில் அதை எழுதி வைத்தாள். யாருக்கும் சொல்லவில்லை, காகிதத்துக்குத்தானே சொன்னோம் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு ஏழரை மணிக்கு அந்த மனிதன் சோபாவில் சாய்ந்துகொண்டு தன்னையே பார்க்கப் போகிறான். அடுத்த நிமிடமே அவனுக்குத் தெரிந்துவிடும், இவள் வெளியே சொல்லியிருக்கிறாள் என்று. அதற்கப்புறம் பால்கனி எத்தனை மாடி உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான் அக்காவால் நினைக்க முடிந்தது. நினைக்க வேண்டாம் என்று நினைத்தாலும் அதுதான் வந்தது.

சேனலில் நிகழ்ச்சிப் பொறுப்பாளரைப் பிடித்தாள். காரணத்தைச் சொல்ல முடியாது. ஆகவே பொய் சொன்னாள்.

"டப்பிங்ல ஒரு தப்பு சார். உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகுது. இன்னிக்கு வேற எபிசோட் போட்டுக்கலாமா?"

"நாங்க செக் பண்ணிட்டோமே மேடம். எல்லாம் சுத்தமா இருக்கு. உண்மையச் சொல்லணும்னா, இந்த வருஷத்துல நீங்க குடுத்ததுலயே நல்ல எபிசோட் இதுதான்."

"அந்த பால்கனி சீனை மட்டுமாவது எடுத்துடலாம் சார். எடிட்டர் இங்கதான் இருக்கார், உடனே வெட்டி அனுப்பறோம்."

"அதை வெட்டிட்டு என்னத்தைக் காட்டறது? விளம்பரத்தையா? தன்னடக்கம் வேணும் மேடம், ஆனா இவ்வளவு வேணாம்." அவர் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

இதற்கு முன் எத்தனையோ முறை, கெஞ்சிக் கூத்தாடி, "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று அந்த மனிதர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சொல்லாத பாராட்டையெல்லாம் சேர்த்து வைத்து இன்றைக்குப் பார்த்துச் சொல்கிறார். எடிட்டர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை மேஜையில் வைத்துவிட்டாள்.

தங்கைக்குப் போன் செய்தாள்.

"இன்னிக்கு டிவி போடாதே. ஏதாவது சாக்கு சொல்லு. வயரைப் பிடுங்கிப் போடு."

"ஏன்க்கா? அவர் பார்க்காம இருக்கமாட்டாரே. உன் சீரியல்னா ஆபீஸ்ல இருந்து ஓடி வந்துடறார். எல்லார்கிட்டயும் பெருமை வேற அடிச்சுக்கறார்."

அக்கா சொன்னாள். எழுதியதை, மாற்ற நினைத்ததை, மாற்றாமல் எடுத்துவிட்டதை. சொல்லும்போதே தன் குரல் தனக்குப் பிடிக்கவில்லை.

"லைன்ல இருக்கியா?"

"என் தலைமேல கை வெச்சியேக்கா," என்றாள் தங்கை. திட்டியிருந்தால் தேவலை. "அந்தக் கப் வரைக்கும் எழுதிட்டியா?"

"ஆமா."

"அப்ப அவ்வளவுதான்." சற்றுப் பொறுத்து, "வெச்சிடறேன். அவர் வண்டிச் சத்தம் கேக்குது," என்றாள்.

அதற்கப்புறம் தங்கையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

அக்கா புரொடக்‌ஷன் மேனேஜரை இழுத்துக்கொண்டு யூனிட் வேனில் ஏறினாள். யூனிட்டில் அவருக்கு மலை என்று பெயர். ஆள் வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. ஆனால் பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நிற்கிற ஆள். அக்காவுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது உருவம்தான்.

"என்ன மேடம் விஷயம்?" என்றார் மலை, வண்டியை ஓட்டிக்கொண்டே.

"எதுவும் கேக்காதீங்க. நான் மேல போறேன், நீங்க கீழ வண்டியோட இருங்க. போன் அடிச்சா ஓடி வரணும்."

"அடிதடியா மேடம்?"

"தெரியல."

மலை எச்சில் விழுங்குவது அவளுக்குக் கேட்டது. ஆனாலும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. சிக்னல் சிக்னலாக நின்று அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரையை நெருங்கிக்கொண்டிருந்தது. லிப்ட் வர நேரமானது. அக்கா மாடிப்படியில் ஓடினாள். மூச்சு வாங்கியது படியாலா பயத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவைத் திறந்தது தங்கை புருஷன்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அட, அக்கா. வாங்க வாங்க. ஆரம்பிக்கப்போகுது. எழுதினவங்களோடயே உக்காந்து பார்க்கற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மாப்பிள்ளை," என்றாள் அக்கா.

தங்கை சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கை இரண்டையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கியிருந்தாள். அக்காவைப் பார்த்தாள், உடனே பார்வையை டிவிக்குத் திருப்பிக்கொண்டாள். சோபாவுக்கு வலப்பக்கம் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே பால்கனி, ஒரு கொடி, கொடியில் காய்ந்து விறைத்த ஒரு துண்டு. அக்கா தங்கைக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள். கைப்பைக்குள் விட்ட கை போனைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

தொடர் ஆரம்பித்தது. பெயர்கள் ஓடியபோது அவன் அக்காவின் பெயர் மூன்று இடத்தில் வந்ததற்கும் மூன்று முறை கை தட்டினான். கல்யாண மண்டபத்துச் சண்டைக்குச் சிரித்தான். விளம்பரம் வந்தது. ஒரு சோப்பு, ஒரு பெயிண்ட். அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக விளம்பரம் முடியக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். முடிந்துவிட்டது.

திரையில் கண்ணாடிக் கதவு சாத்தப்பட்டது. தாழ் விழுந்த சத்தத்தை மாற்று டைரக்டர் பெரிதாக வைத்திருந்தார், படுபாவி. தங்கையின் உடம்பு தூக்கிப்போட்டது. அக்கா டிவியைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள்.

ஆயிரம் முகங்களை எதிரில் உட்காரவைத்து ஆள் தேர்வு செய்தவள் அவள். பொய்யாக அழுகிறவன் முதலில் மூக்கைத் தொடுவான். தெரியாததுபோல் நடிக்கிறவன் கண் இமைக்க ஒரு நொடி பிந்துவான். அவன் கழுத்து நரம்பு, தாடை, கால் கட்டைவிரல் எல்லாவற்றையும் அவள் மேய்ந்தாள். எது முதலில் அசைகிறதோ அதைப் பார்த்ததும் போனை அழுத்திவிட வேண்டும்.

திரையில் டீ கொதித்தது. இரண்டு கப் வந்தது. ஒன்று தரையில் வைக்கப்பட்டது.

"சீ," என்றான் அவன்.

அக்காவின் விரல் போன்மேல் நின்றது.

"என்ன ஜென்மம்க்கா இவன்?" அவன் முன்னால் சரிந்து உட்கார்ந்தான். முகம் நிஜமாகவே சுளித்திருந்தது. "அந்தப் பொண்ணு குளிர்ல நடுங்கிட்டு நிக்குது, இவன் உக்காந்து குடிக்கறான் பாருங்க. இப்படியெல்லாமா ஆளுங்க இருக்காங்க?"

"இருக்காங்க," என்றாள் அக்கா.

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும். எங்கிருந்துதான் பிடிக்கறீங்களோ." திரையில் இருந்தவன் கதவைத் திறந்து, ஆறிப்போச்சு, சூடு பண்ணிக்கோ என்றான். தங்கை புருஷன் உச்சுக்கொட்டினான். "கல்நெஞ்சன். இவனை மட்டும் சும்மா விட்டுடாதீங்கக்கா."

நடிப்பில்லை. எத்தனை முறை தேடினாலும் அந்த முகத்தில் நடிப்பில்லை. நல்ல மனசுள்ள ஒரு ரசிகன் யாரோ ஒரு பெண்ணுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். இதுவரை பட்ட பயமெல்லாம் இந்தப் பயத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. கோபக்காரனைப் பற்றி அவளுக்குத் தெரியும், எழுதியிருக்கிறாள். இவனைப் பற்றி எதுவும் தெரியாது. தங்கை இத்தனை காலம் யாரோடு ஒரே கூரைக்குக் கீழே தூங்கி எழுந்தாள் என்று நினைத்தபோது, அவளுக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். தங்கை டிவியைப் பார்க்கவில்லை. தன் புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அறிமுகமில்லாத ஆள் ஒருவன் வந்து தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுபோல.

"நாளைக்கு என்னக்கா வருது? சொல்லிடுங்க, தலை வெடிச்சிடும்," என்றான் அவன்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் தங்கை சொன்னாள். "அவ கிளம்பிடுவா."

"வீட்டை விட்டா?"

"ஆமா."

"அதான் சரி," என்றான் அவன், தொடையில் தட்டிக்கொண்டு. "அப்படித்தான் காட்டணும். அப்பதான் இந்த மாதிரி ஆளுங்களுக்குப் புத்தி வரும்."

தங்கை எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா டிவியின் ஒலியைக் கூட்டினாள், அது அலறியது, குறைத்தாள். அவன் அடுத்த தொடரின் கதையை அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அவள் "ம்" கொட்டினாள். எந்த நொடியில் அவனுக்கு உறைக்கும் என்று தெரியாமல், ஒவ்வொரு "ம்"முக்கும் அவன் கண்ணைப் பார்த்தாள்.

தங்கை தோளில் ஒரு பையோடு வந்தாள்.

"அக்கா வீட்டுக்குப் போறேன்," என்றாள் அவனிடம்.

"இப்பவா? என்ன திடீர்னு?"

"எனக்கு உடம்பு சரியில்ல மாப்பிள்ளை. துணைக்குக் கூப்பிட்டேன்," என்றாள் அக்கா. தொழிலில் சொன்ன பொய்யெல்லாம் இந்த ஒன்றுக்கான ஒத்திகை என்று தோன்றியது.

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சொல்லவே இல்லையேக்கா. அதான் முகம் வெளுத்துக் கிடக்கா?"

வாசலில் தங்கைக்குச் செருப்பு வார் மாட்டவில்லை. அக்கா குனிந்து மாட்டிவிட்டாள். கதவில் கை வைத்தபோது பின்னாலிருந்து அவன், "இரு," என்றான்.

இருவரும் அப்படியே நின்றார்கள். அக்கா போனை அழுத்தினாள். காலடிச் சத்தம் உள்ளே போனது, திரும்பி வந்தது. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

"மழை வரும்போல இருக்கு," என்று சொல்லி அவன் அவள் கையில் குடையைக் கொடுத்தான்.

பாதிப் படியில் மலை எதிரே வந்தார், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, கையில் வேனின் ஜாக்கிக் கம்பியோடு. இவர்களைப் பார்த்ததும் கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மூன்று பேரும் இறங்கினார்கள்.

வண்டி தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் தங்கைக்கு நடுக்கம் வந்தது. பல் கிட்டி, தோள் குலுங்கி, இருக்கையே ஆடியது. அக்கா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மன்னிச்சுடு என்று சொல்ல நினைத்தாள். அந்த வார்த்தையை அவள் பாத்திரங்களின் வாயில் அத்தனை தடவை போட்டுத் தேய்த்திருந்தாள், சொல்ல வரவில்லை.

தங்கையின் போன் அடித்தது. அவன் படம் திரையில் சிரித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

"தெரிஞ்சிடுச்சு போலிருக்கு," என்றாள் அக்கா. கதவெல்லாம் பூட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். மலை கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்தார், வேகத்தைக் கூட்டினார்.

தங்கை போனை அணைக்கவில்லை. மடியில் வைத்து, அது அதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீன் முடிஞ்சதும் என்மேல பாய்வார்னு உக்காந்திருந்தேன்கா," என்றாள். "பாய்ஞ்சிருந்தா, உள்ளுக்குள்ள அவருக்குத் தெரியுதுன்னு நான் அங்கயே இருந்திருப்பேன்."